மைதானத்தில் என்ன குடிப்பது? சென்னையில் விளையாடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் விளையாடும் பிள்ளைகள், அவர்களை விடியற்காலையில் மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோர், வார இறுதியில் லீக் ஆடும் பெரியவர்கள், 40 வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவர்கள் எல்லோருக்குமான பக்கம் இது. பயிற்சி கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பயிற்சிகளுக்குத் தண்ணீர் போதும். அது போதாத நேரத்தில் உப்பும் கொஞ்சம் இனிப்பும் வேண்டும். இரண்டும் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கின்றன. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: பிள்ளைகளுக்குக் குடிக்க நேரமும் அனுமதியும் கிடைப்பதில்லை.

ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் போகும் குழந்தைக்கு என்ன கொடுத்து அனுப்புவது?

தண்ணீர். காலையில் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வரும் குழந்தைக்கு, அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய சக்தி தசையிலும் கல்லீரலிலும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது. வியர்வையில் போகும் உப்பை அடுத்த வேளைச் சாப்பாட்டில் வரும் சாம்பாரும் ரசமும் ஈடுகட்டிவிடும். கலர் கலரான இனிப்பு பானத்தைக் கொடுத்து அனுப்பினால் தேவையில்லாத சர்க்கரை சேரும், பல்லும் கெடும். பயிற்சியின் பாதியில் தலைசுற்றி உட்காரும் குழந்தைகளில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். எனவே பாட்டிலில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு முன், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும்?

9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி வரை குடிக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2011-ல் வழிகாட்டியது. சின்ன டம்ளரில் ஒரு டம்ளர், பெரிய பிள்ளைக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 

பெரியவர்களுக்கு ஒரே அளவைச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் ஓடுபவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும்போது உங்களுக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கலாம். உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஓர் எடை எந்திரம் போதும். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். 60 கிலோ 59 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் போன வியர்வை சுமார் ஒன்றரை லிட்டர். ஜனவரியில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். 

இழந்ததை எல்லாம் ஆடும்போதே நிரப்ப வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 1.2 கிலோ.

தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதமாகிவிடும் என்கிறார்களே?

சாதாரண பயிற்சியில் தாகம் நம்பத்தக்க அறிகுறிதான். ஆனால் பிள்ளைகள் ஆட்டத்தின் ஆர்வத்தில் தாகத்தைக் கவனிப்பதில்லை. கடும் வெயிலில் நீண்ட நேரம் ஆடும் பெரியவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு இடைவேளை வைத்து நினைவூட்ட வேண்டும். மைதானத்துக்கு வருவதற்கு முன் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. அடர்ந்த மஞ்சளாக இருந்தால், நேற்றைய நீர்க்குறைவோடு இன்றைய ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மட்டும் இந்த நிறம் ஏமாற்றும்.

சென்னையில் விளையாடுபவர்களுக்கென்று தனிக் கவனம் தேவையா?

கட்டாயம் தேவை. 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனால் நம்மை வாட்டுவது வெயில் மட்டுமல்ல, கடலோர ஈரப்பதமும்தான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. நீரும் உப்பும் போய்விடுகின்றன, உடலோ குளிர்வதில்லை. டிசம்பர் காலையில்கூட மெரினாவில் ஓடி முடித்தவரின் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்திருப்பது இதனால்தான்.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் போட்டியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘டை’யில் முடிந்த ஆட்டம் அது. எட்டு மணி நேரத்துக்கு மேல் மட்டை பிடித்து 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸ், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், ஆட்டமிழந்த பின் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. முழு உடற்தகுதியோடு வந்த சர்வதேச வீரரையே இந்த ஊரின் புழுக்கம் அப்படி ஆட்டிவைத்தது. கோடை முகாமில் பிற்பகல் 2 மணிக்கு 10 வயதுப் பிள்ளைகளை ஓடவிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். என்ன குடிக்கக் கொடுத்தாலும் அந்த நேரத்தின் வெப்பத்தைக் குடித்துத் தணிக்க முடியாது. பயிற்சியைக் காலை 8 மணிக்குள் முடிப்பதும், மாலையில் கடற்காற்று வந்த பிறகு தொடங்குவதும், இடைவேளையில் நிழலில் ஈரத் துண்டைக் கழுத்தில் போடுவதும் எந்த பானத்தைவிடவும் பயன் தரும்.

பாட்டிலில் விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் யாருக்கு?

அது யாருக்காக உருவானது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். 1965-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், வெயிலில் மணிக்கணக்கில் ஆடித் துவண்டுபோன அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் கலந்து கொடுத்தார்கள். அதுதான் கேட்டரேட். இன்றும் இந்த வகை பானங்களில் அடிப்படை அதுவே: 100 மில்லியில் சுமார் 6 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டரில் அரை கிராம் அளவுக்குச் சோடியம், மற்றபடி நிறமும் மணமும்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டித் தொடர்ந்து கடுமையாக ஆடும்போது இது உதவும். 50 ஓவர் ஆட்டத்தில் பந்து வீசிவிட்டு மட்டையும் பிடிப்பவர், ஒரே நாளில் மூன்று டென்னிஸ் ஆட்டம் ஆடுபவர், 21 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடுபவர் ஆகியோருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். பள்ளி விட்டதும் 45 நிமிடம் பந்தடிக்கும் பையனுக்கு வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது 6, 7 டீஸ்பூன்.

அதையே வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், நம் வீடுகளில் ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கிறோம். ராமநவமிக்கு நைவேத்தியம் வைக்கும் பானகத்தைப் பாருங்கள்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். அதில் உப்பைச் சேர்த்துவிட்டால் விளையாட்டு பானத்துக்கு வேண்டிய அனைத்தும் வந்துவிட்டது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வெல்லம், தலைதட்டிய கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு எலுமிச்சையின் சாறு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், மண் இருக்கும். சுக்கும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை போதும், கோயில் பானகத்தின் காரம் ஓடும் வயிற்றுக்கு ஒத்துவராது. இந்த அளவில் இனிப்பு சுமார் 5 சதவீதம், சோடியம் லிட்டருக்கு சுமார் 600 மில்லிகிராம் வருகிறது. கடையில் வாங்கும் பாட்டிலுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. சுவையாக இருக்கட்டும் என்று வெல்லத்தை இரட்டிப்பாக்காதீர்கள். இனிப்பு 8 சதவீதத்தைத் தாண்டினால் பானம் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், ஓடும்போது வயிறு குலுங்கும், சிலருக்குக் குமட்டும்.

நீர்மோர் வேறு வகை. அதில் இனிப்பு மிகக் குறைவு, உப்பு அதிகம். ஒரு பங்கு தயிருக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டால் சோடியம் 1,200 மில்லிகிராமை எட்டும். சராசரி மனிதரின் வியர்வையில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது என்பதால், இழந்ததைத் திருப்பித் தருவதற்கு நீர்மோருக்கு நிகராக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்தவுடன் குடிக்க அதுவே என் முதல் தேர்வு. இடைவேளையில் குடிப்பதென்றால் பச்சை மிளகாயை விட்டுவிடுங்கள். மோரைக் குளிர்ச்சி காக்கும் பிளாஸ்கில் எடுத்து வாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தால் புளித்துப் பொங்கிவிடும்.

இளநீர்தான் இயற்கையான ஸ்போர்ட்ஸ் டிரிங்க் என்று சொல்வது சரியா?

பாதி சரி. இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நிறையப் போவது சோடியம். ஓர் இளநீரில் கிடைக்கும் பொட்டாசியம், இரண்டு லிட்டர் வியர்வையில் போன பொட்டாசியத்துக்கும் மேலாக ஈடுகட்டும். சோடியத்தில் அது பின்தங்கிவிடுகிறது. லேசாக இனிக்கும், வயிற்றுக்கு இதம், வெட்டியவுடன் குடித்தால் சுத்தமானதும்கூட. ஆகவே தாராளமாகக் குடியுங்கள், கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். கடற்கரையில் ஓடிவிட்டு இளநீர் குடிப்பவர் ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பொட்டாசியமே ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை பாட்டிலில் கலந்து அனுப்பலாமா?

ஓ.ஆர்.எஸ். மருந்து. வயிற்றுப்போக்கில் உயிர் காப்பதற்காக வகுக்கப்பட்ட அளவு அது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்கின்றன. தினசரிப் பயிற்சிக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை. இரண்டு, மூன்று மணி நேரம் வெயிலில் ஆடி, சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் அளவுக்கு வியர்ப்பவர்களுக்கு அது உதவும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகிவிடும், குழந்தைக்கு அது கெடுதல்.

இன்னொரு எச்சரிக்கை. மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்துக்கொண்டு பழச்சுவை பானங்கள் பல ஆண்டுகளாக விற்கப்பட்டன. உண்மையான கலவையைவிடப் பல மடங்கு சர்க்கரை அவற்றில் இருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து நெடுங்காலம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத எந்த பானமும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் பானம் அதேதான். பின்பக்க அட்டவணையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எனர்ஜி டிரிங்க் குடித்தால் வேகம் கூடுமா?

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். ஸ்போர்ட்ஸ் டிரிங்கும் எனர்ஜி டிரிங்கும் ஒன்றல்ல. முன்னதில் உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன, பின்னதில் சர்க்கரையோடு கஃபீன் சேர்கிறது. இந்திய விதிப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் பள்ளிப் போட்டிகளில் ஓட்டத்துக்கு முன் பிள்ளைகள் அதைக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நெஞ்சு படபடப்பு, நடுக்கம், இரவில் தூக்கமின்மை. மறுநாள் ஆட்டம் இருந்தால் அந்தத் தூக்கமே அவனுக்கு மிகப் பெரிய பலமாக இருந்திருக்கும்.

காலையில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு ஓடலாமா?

பெரியவர்கள் ஓடலாம். ஒரு டம்ளர் காபியோ டீயோ உடலின் நீரை வற்றவைத்துவிடாது. புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு குடித்துவிட்டால் வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்காது.

கரும்புச் சாறு, சோடா, குளுக்கோஸ் பவுடர் எல்லாம்?

கோலா, பன்னீர் சோடா வகைகளில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை, போதாததற்கு வாயு. வயிறு உப்பிக்கொண்டு யாரும் ஓட முடியாது. கரும்புச் சாற்றில் இனிப்பு இன்னும் அதிகம். ஆட்டத்துக்கு நடுவில் வேண்டாம், முடிந்த பின் ஆசைக்குக் குடிக்கலாம். குளுக்கோஸ் பவுடரில் சர்க்கரை கிடைக்கும், வியர்வைக்கு ஈடான உப்பு கிடைக்காது. உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் நல்லது, அதுவும் சோடா இல்லாமல் தண்ணீரில்.

தெருவோரத்தில் குடிக்கும்போது பானத்தைவிட அதில் மிதக்கும் ஐஸைத்தான் நான் பார்ப்பேன். காசிமேட்டில் மீனைப் பாதுகாக்கத் தயாராகும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்யப்பட்டது என்று நம்பிவிட முடியாது. உண்பதற்கல்லாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. நிறமில்லாமல் இருந்தாலும், கோணியில் சுற்றி உடைத்த பார் ஐஸ் என்றால் ‘ஐஸ் இல்லாமல் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு முந்தைய நாள் வயிற்றுப்போக்கு வந்தால் மாதக்கணக்கான பயிற்சி வீணாகும்.

வியர்வையோடு ஐஸ் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்குமா?

பிடிக்காது. சளிக்குக் காரணம் வைரஸ். குளிர்ந்த நீர் உடலின் உள்வெப்பத்தைச் சற்றுத் தணிக்கிறது, பிள்ளைகள் கூடுதலாகக் குடிக்கவும் செய்கிறார்கள். தொண்டை கூசுபவர்கள் பானைத் தண்ணீர் குடிக்கட்டும்.

ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று கோச் தடுக்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி இன்னும் வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்துவிட்டு ஓடினால் வயிறு கனக்கும், உண்மை. அதற்காகத்தான் நாலைந்து மடக்காக அடிக்கடி குடிக்கச் சொல்கிறோம். தண்ணீரே கொடுக்காமல் ஓடவிட்டால் உடல் உறுதிப்படும் என்ற எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. நீர் குறையும்போது ரத்தத்தின் கன அளவு குறைகிறது, இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது, உடல் வெப்பம் ஏறுகிறது. உறுதி வராது, ஆபத்துதான் வரும்.

தண்ணீர் மறுப்பதைத் தண்டனையாகக் கொடுக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். தாமதமாக வந்த பையனுக்கு இரண்டு சுற்று கூடுதல் ஓட்டம் கொடுங்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள். உலக அளவிலேயே விதிகள் மாறிவிட்டன. 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில், வெயிலையும் ஈரப்பதத்தையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களைக் குடிக்கவிட்டார்கள். ஃபோர்ட்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது அப்படி நிறுத்தினார்கள். கிரிக்கெட்டில் டிரிங்ஸ் பிரேக் எத்தனையோ காலமாக இருக்கிறது. பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து போய், 20 நிமிடத்துக்கு ஒரு வாட்டர் பிரேக் வேண்டும் என்று மரியாதையோடும் உறுதியோடும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அந்தப் பிள்ளையின் மேல் கண் விழும் என்று பயப்படுபவர்கள் பலர். சேர்ந்து கேட்டால் அந்தப் பயம் வேண்டாம்.

என் மகள் பாட்டிலைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஏன்?

அவளிடம் மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் கழிப்பறையாக இருக்கும். மைதானத்தில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் பூட்டியிருக்கிறது, திறந்திருந்தாலும் தாழ்ப்பாளோ தண்ணீரோ இல்லை. பையன்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் குடிக்காமல் இருப்பதையே வழியாகக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கு வரும் பெண் ஐந்து நாளும் வறண்ட உடலோடு ஓடுகிறாள். தலைவலி, களைப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று ஒவ்வொன்றாக வரும். ‘முன்பு போல ஓடுவதில்லை’ என்று அவளைக் குறை சொல்பவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்கே வராமல் நின்றுவிடுபவர்களும் உண்டு.

இதற்கு எந்த பானமும் தீர்வாகாது. பள்ளி மைதானமென்றால் தலைமையாசிரியரிடம் பேசி, பயிற்சி நேரத்தில் கழிப்பறைச் சாவி பெண் ஆசிரியரிடமோ மூத்த மாணவியிடமோ இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாநகராட்சித் திடலென்றால் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பயிற்சியாளர் ஆணாக இருந்தால், பயிற்சியின் பாதியில் எல்லோருக்கும் பொதுவாக 5 நிமிட இடைவேளை அறிவிக்கட்டும், யாரும் தனியாகக் கைதூக்கி அனுமதி கேட்கும்படி வைக்க வேண்டாம். இவை நடக்கும் வரை ஒரு தற்காலிக வழி: பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு 300 முதல் 400 மில்லி வரை குடித்துவிட்டு, கிளம்பும்போது வீட்டில் சிறுநீர் கழித்துவிட்டு வரலாம். பயிற்சியின்போது சின்ன மடக்காகக் குடிப்பது பெரும்பாலும் வியர்வையாகவே போய்விடும் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

ஆட்டத்தின் கடைசியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது. உப்புக் குறைவா?

சில நேரம் உப்பு, பல நேரம் தசைச் சோர்வு. பிடித்தவுடன் அந்தத் தசையை மெதுவாக நீட்டிப் பிடியுங்கள், அதுதான் உடனடி மருந்து. அந்த நிமிடத்தில் வாழைப்பழம் சாப்பிட்டால் அதிலுள்ள பொட்டாசியம் தசைக்குப் போய்ச் சேரவே நேரமாகும். சட்டையில் உப்புக் கோடுகள் தெரியும் அளவுக்கு வியர்ப்பவர் என்றால் முதல் நாள் இரவும் ஆட்ட நாள் காலையும் சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதீர்கள். இடைவேளையில் உப்பு போட்ட எலுமிச்சை நீர் குடியுங்கள். உப்பு மாத்திரையை விழுங்க வேண்டாம், வயிற்றைப் புரட்டும்.

தண்ணீரை அதிகமாகக் குடித்தால் ஆபத்து உண்டா?

உண்டு, நீண்ட தூரம் ஓடுபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்துக்கொண்டே மெதுவாக ஓடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதல்முறையாக ஓடுபவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கட்டாயம் குடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். தலைவலியும் வாந்தியும் குழப்பமும் வந்து, விரல்களும் வீங்கியிருந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எடைப் பிரிவுக்காகத் தண்ணீரை நிறுத்தலாமா?

வடசென்னைக் குத்துச்சண்டைக் கூடங்களிலும் கபடி அணிகளிலும் இது பழக்கமாக இருக்கிறது. எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீரை நிறுத்தி, தடித்த உடையோடு வெயிலில் ஓடி இரண்டு, மூன்று கிலோ குறைக்கிறார்கள். குறைவது கொழுப்பல்ல, நீர். அந்த வறண்ட உடலோடுதான் மறுநாள் அடி வாங்க வேண்டும். சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை. வளரும் பிள்ளை என்றால் அடுத்த எடைப் பிரிவுக்கு மாற்றுவதே சரி.

வெயிலே படாத பேட்மிண்டன் அரங்கிலும் நீச்சல் குளத்திலும் குடிக்க வேண்டுமா?

நிச்சயமாக. ஷட்டில் காற்றில் விலகும் என்பதால் அரங்குகளில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள், தகரக் கூரையின் சூடு வேறு. வெளியில் ஓடுபவரைவிட அதிகம் வியர்ப்பவர்களை அங்கே பார்க்கலாம். நீச்சலில் வியர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். குளக்கரையில் பாட்டில் இருக்கட்டும்.

ரமலான் நோன்பு நாட்களில்?

கடுமையான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, அரிசி, பருப்பு எல்லாம் இருக்கின்றன. விளையாட்டு வீரருக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. இரவு முழுவதும் பகிர்ந்து குடியுங்கள். பயிற்சியாளர் அந்த மாதத்துக்கு அட்டவணையைத் தள்ளிவைப்பதுதான் முறை.

ஆட்டம் முடிந்த பிறகு எது நல்லது?

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சில மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நீர்மோருக்கு அடுத்தபடியாகப் பாலும் மிக நல்லது. நீர், புரதம், சர்க்கரை, சோடியம் நான்கும் அதில் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. மோர் விட்டு, உப்பு போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு கூழ் குடித்தால் நீரும் உப்பும் மாவுச்சத்தும் கிடைத்துவிடும். பழைய சோற்று நீராகாரமும் அப்படித்தான். பீர் நீரிழப்பை ஈடுகட்டாது.

எனக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உண்டு. இந்த அளவுகள் பொருந்துமா?

உங்களுக்கு அடிப்படை பானம் தண்ணீர்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் உப்பு சேர்த்த பானங்களைப் பழக்கமாக்க வேண்டாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். உங்களுடன் ஓடுபவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

மைதானத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் குடிக்கக் கொடுக்க வேண்டுமா?

நினைவு தெளிவாக இருந்தால் நிழலில் கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, பிறகு எழுப்பி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, யாரையும் அடையாளம் தெரியாவிட்டாலோ, மயங்கிவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் உடனே வாளி வாளியாகத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றுங்கள். ஐஸ் இருந்தால் ஈரத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். முதல் சில நிமிடங்களில் உடல் எவ்வளவு குளிர்கிறது என்பதைப் பொறுத்தே உயிர் பிழைக்கிறது.

எந்தத் தண்ணீர், எந்த பாட்டில்?

காய்ச்சி ஆறவைத்த மெட்ரோ வாட்டரோ, சீல் உடையாத கேன் தண்ணீரோ, ஆர்.ஓ. நீரோ எதுவும் சரி. ஆர்.ஓ. நீரில் தாது குறைவு என்று கவலைப்படுபவர்கள், வியர்வைக்கு வேண்டிய உப்பு எந்தக் குடிநீரிலும் இல்லை, சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கொரு பாட்டில், பெயர் எழுதி வையுங்கள். வாய் வைத்துக் குடித்த ஒரே பாட்டில் அணி முழுக்கச் சுற்றினால் காய்ச்சலும் சேர்ந்து சுற்றும். பானகமோ மோரோ ஊற்றிய பாட்டிலை அன்றே மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்பு போட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காயவையுங்கள்.